களிகூருதல்

ஜெபத்தில் கிடைக்கும் இன்பத்துக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பெயர் களிகூருதல். சென்னைப் புறநகரில் வேப்பம்பட்டிலிருந்து ஆவடி வரை எந்த ஜெபவீட்டில் ஞாயிறு காலை உட்கார்ந்தாலும் இந்தச் சொல் காதில் விழும். கடைத்தெருவில் விழாது. மகனுக்கு வேலை கிடைத்தால் 'ரொம்ப சந்தோஷம்' என்போம். களிகூர்ந்தேன் என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லின் பின்பாதி எளிது. கூர்தல் என்றால் மிகுதல். தொல்காப்பிய உரியியலும் கூர்ப்பு என்பதற்கு உள்ளது சிறத்தல் என்றே பொருள் சொல்கிறது. அன்புகூர்தல், நினைவுகூர்தல் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

வேடிக்கை முன்பாதியில் இருக்கிறது. களி, கள்ளுக்கு உறவு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் களித்தவன் என்பது குடித்து நிலைதவறியவனை. அதே வள்ளுவர் காமத்துப்பாலில் (குறள் 1281) வேறு திசைக்குப் போகிறார்: நினைத்த மாத்திரத்தில் களிப்பேறுவது கள்ளில் கிடையாது, காதலில்தான் உண்டு. கள் ஏற வேண்டுமானால் குடித்தாக வேண்டும். காதலுக்கு நினைப்பே போதும். ஜெபத்துக்கு இந்தச் சொல் பொருந்திய விதத்துக்கு இதைவிட நல்ல உரை வேண்டாம். (மகிழ்ச்சி என்று மாற்றிக்கொண்டாலும் தப்ப முடியாது. சங்கப் பாட்டில் மகிழ் என்ற சொல்லுக்கும் கள் என்ற பொருள் உண்டு.)

ஜெபத்தைக் குடி என்று எண்ணும் குழப்பம் விவிலியத்திலேயே நடந்திருக்கிறது. பிள்ளையில்லாத அன்னாள் சீலோவின் ஆலயத்தில் மனம் கசந்து அழுது ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியர் ஏலி, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி அதட்டுகிறார். குடிக்கவில்லை, மனசைக் கொட்டிக்கொண்டிருந்தேன் என்கிறாள் அவள். சமாதானத்தோடு போ என்று அனுப்பிவைக்கிறார். அதன்பின் வரும் சிறு செய்தியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: அவள் போய்ச் சாப்பிட்டாள், முகவாட்டம் போய்விட்டது. இன்னும் கரு உண்டாகவில்லை. கேட்டது கைக்கு வரவில்லை. சாமுவேல் பிறந்து, பால்மறந்து, அவனை ஆலயத்தில் கொண்டுவந்து விடும்போதுதான் தன் இருதயம் களிகூருவதாக அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். ஆனால் களி ஏறியது அன்றைக்கே.

ஜெபம் என்ற சொல்லே வடமொழி ஜபத்திலிருந்து வந்தது. அதன் வேர்ப்பொருள் முணுமுணுத்தல். கத்தோலிக்கர் செபம் என்பார்கள், மற்றவர்கள் ஜெபம் என்பார்கள். எழுத்தைப் பார்த்தே சபையைச் சொல்லிவிடலாம். அந்த முணுமுணுப்பைப் பார்க்க வேண்டுமானால் காலையில் வேப்பம்பட்டில் சென்னை லோக்கல் ஏறலாம். மடியில் ஜிப் வைத்த பைபிள், தலையில் முந்தானை, உதடு மட்டும் அசையும். ஜெபக்குறிப்பில் வீட்டுக்கடனும் இருக்கலாம், மகள் கல்யாணமும் இருக்கலாம். நெரிசலில் யாரோ காலை மிதித்தாலும் அந்த முகத்தில் கடுப்பு ஏறுவதில்லை. அடுத்த நிறுத்தம் திருநின்றவூர், கையில் பணமில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்த பூசலாரின் ஊர். உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் இருப்பது இந்தத் தடத்துக்குப் புதிதல்ல.

களிகூரச் சொல்லும் அதே பழைய தமிழ் வேதாகமத்தில், பவுல் கலாத்தியருக்கு எழுதிய பாவப் பட்டியலில் களியாட்டும் இருக்கிறது. ஒரே களிதான், இரண்டு பக்கமும். பிரசங்கியார் குடியைக் கண்டித்து முடித்த கையோடு களிகூருங்கள் என்பார். சபை இரண்டுக்கும் ஆமென் சொல்லும்.