மூன்றாவது பெட்டி

'டூ... டு' வந்தால் சிம்பிள், 'சோ... தட்' வந்தால் காம்ப்ளெக்ஸ், 'வெரி... அண்ட் சோ' வந்தால் காம்பவுண்ட். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு எழுதிய யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், ஒப்பித்துவிடுவார்கள். 'இன் ஸ்பைட் ஆஃப்', 'பட்', 'தோ' என்று இன்னொரு கூட்டணியும் உண்டு. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க, கரும்பலகையை மூன்றாகப் பிரித்து இவற்றை எழுதிப்போட்டிருக்கிறேன். "அர்த்தம் மாறக் கூடாது, உருவம் மட்டும் மாறணும்" என்பேன். பிள்ளைகள் மாற்றுவார்கள், மார்க்கும் விழும். ஆங்கிலம் பிறந்தபோதே இந்த மூன்றும் கூடப் பிறந்தவை என்பது போலத்தான் பாடநூல்கள் பேசும். ஆனால் ஆங்கிலப் பள்ளிகளில் காம்ப்ளெக்ஸ் என்ற மூன்றாவது பெட்டிக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை.

ஆங்கிலத்துக்கென்று அச்சான முதல் இலக்கண நூல் வில்லியம் புல்லோக்கர் 1586இல் எழுதியது. அவரும் அவருக்குப் பின்வந்த பலரும் லத்தீன் அச்சிலேயே ஆங்கிலத்தை வார்த்தார்கள். ஜான் வாலிஸ் 1653இல் ஆங்கில இலக்கணத்தை லத்தீனிலேயே எழுதினார்! இவர்களுக்குச் சொல்தான் முக்கியம். எந்தச் சொல் எந்த வகை, எப்படித் திரியும் என்பதிலேயே பெரும்பாலான பக்கங்கள் போய்விடும். முழு வாக்கியம் என்பது மேடைப்பேச்சுக் கலைக்காரர்களின் சொத்தாக இருந்தது. கமா, கோலன் என்று இன்று நாம் புள்ளிகளுக்குச் சொல்லும் பெயர்கள் கிரேக்கர்களிடம் வாக்கியத்தின் துண்டுகளுக்கே பெயர்கள். பேசுகிறவர் எங்கே மூச்சு விடலாம், எங்கே முடிக்கலாம் என்பதுதான் அங்கே கணக்கு.

ராபர்ட் லௌத் என்ற பாதிரியார், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர், 1762இல் ஒரு சின்ன இலக்கணம் எழுதினார். ஒரு எழுவாயும் ஒரு வினைமுற்றும் இருந்தால் அது சிம்பிள் என்றார். அவரிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டு 1795இல் எழுதியவர் லிண்ட்லி மர்ரி. நியூயார்க்கில் வக்கீலாக இருந்து, உடல்நலம் குன்றி இங்கிலாந்துக்கு வந்து, யார்க் நகரத்தை ஒட்டிய ஹோல்கேட்டில் நடமாட முடியாமல் உட்கார்ந்தவர். அங்கிருந்த குவேக்கர் பெண்கள் பள்ளி ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதற்காக எழுதிய புத்தகம், அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பல தலைமுறைகளை ஆட்டிப்படைத்தது. அந்த மர்ரியிடமும் இரண்டே வகைதான்: சிம்பிள், காம்பவுண்ட். ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கியங்களை எந்தச் சொல்லால் ஒட்டினாலும் அது காம்பவுண்ட். 'பட்' போட்டாலும் சரி, 'தோ' போட்டாலும் சரி, அவருக்கு ஒன்றே.

இரண்டும் ஒன்றல்ல என்று சொன்ன ஆட்களில் முக்கியமானவர் ஆங்கிலேயரே இல்லை. ஜெர்மனியின் ஆஃபன்பாக் ஊரில் மருத்துவராக இருந்த கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர். மொழி ஓர் உயிருள்ள உடம்பு, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு என்பது அவர் கட்சி. 1827இல் அதைப் புத்தகமாகவே போட்டார். அவர் கண்டுகொண்டது இதுதான்: ஒரு வாக்கியம் இன்னொன்றுக்குள் போய்ப் பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்யலாம், பெயரடையின் வேலையைச் செய்யலாம், வினையடையின் வேலையையும் செய்யலாம். நவுன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் என்று நாம் உருப்போட்டதன் வேர் அங்கே இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் வாக்கியம் வேறு, உள்ளே வேலைக்குப் போன வாக்கியம் வேறு. எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. இலக்கணத்தில் இவ்வளவு அழகான எண்ணங்கள் அடிக்கடி வருவதில்லை.

அதை இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் பரப்பியவர் ஜே. டி. மொரெல். ஜெர்மனியில் தத்துவம் படித்தவர், பிறகு அரசாங்கப் பள்ளி ஆய்வாளர். 1852இல் பெக்கரின் வழியில் வாக்கியங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு நூலை வெளியிட்டார். ஆய்வாளர் எழுதிய புத்தகம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போகாமல் இருக்கும்? வாக்கியத்தை அட்டவணையாக அறுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பும் பயிற்சி வேரூன்றியது. திருத்துகிறவருக்கு அதைவிட வசதி வேறில்லை. கட்டம் சரி, அல்லது தப்பு.

அமெரிக்காவில் இதைப் படமாகவே வரைந்தார்கள். ஸ்டீஃபன் கிளார்க் 1847இல் ஒவ்வொரு சொல்லையும் பலூனுக்குள் அடைத்தார். பக்கத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். புரூக்ளினில் ரீட், கெல்லாக் என்ற இருவர் 1877இல் பலூனைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோடுகளைக் கொண்டுவந்தார்கள். நீளக் கோட்டில் எழுவாயும் பயனிலையும், நடுவே குறுக்கே ஒரு வெட்டு, அடைமொழிகள் சாய்கோட்டில், சார்பு வாக்கியம் கீழே தனிக்கோட்டில்.

இந்தியாவுக்கு அட்டவணைதான் வந்தது. வடமேற்கு மாகாணங்களில் கல்வித் துறையில் இருந்த நெஸ்ஃபீல்டின் புத்தகங்கள் 1890களிலிருந்து வகுப்பறைகளை ஆண்டன. 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த ரென், பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 'போ கெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிய அதே பி. சி. ரென்தான். சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பெக்கரின் யோசனை இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததில் உயிர் போய்விட்டது, கட்டம் மட்டும் மிஞ்சியது. "அர்த்தம் மாறக் கூடாது" என்று நானே சொல்லிவந்தேனே, அது பரீட்சைக்கான பேச்சு. 'அவனுக்குக் காய்ச்சல், ஆனால் வந்தான்' என்றால் இரண்டு செய்தியும் சம எடை. 'தோ' போட்டால் காய்ச்சல் பின்னால் போகிறது, வந்ததுதான் செய்தி. 'இன் ஸ்பைட் ஆஃப்' போட்டால் காய்ச்சல் ஒரு சாமானைப் போல மூலையில் கிடக்கிறது. எழுதுகிறவனுக்கு வேண்டிய விஷயம் இதுதான். மார்க் இதற்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை. சிம்பிள் என்றால் எளிது என்று பொருளில்லை. ஒரே வினைமுற்றோடு அரைப் பக்கம் ஓடும் சிம்பிள் வாக்கியத்தை எந்த அரசாணையிலும் பார்க்கலாம். 'ஐ நோ ஹீ லைஸ்' என்ற நான்கு சொல்லோ காம்ப்ளெக்ஸ்.

1952இல் சார்லஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்கர், வாக்கியம் என்றால் என்ன என்பதற்கே இருநூறுக்கும் மேற்பட்ட வரையறைகள் இருப்பதைச் சொல்லிவிட்டு, அவற்றை ஒதுக்கி, பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்களைக் கேட்டு ஆங்கில அமைப்பை விவரித்தார். இலக்கணத்தைத் தனியாக நடத்துவதால் பிள்ளைகள் எழுதுவது மேம்படுவதில்லை என்று 1963இல் அங்கே ஓர் ஆய்வறிக்கை அடித்துச் சொன்னது. நம் வினாத்தாள் அசையவில்லை.

அசையாதது மட்டுமல்ல, இந்த மூன்று பெட்டி தமிழுக்கும் பரவியது. எழுத்து, சொல் என்ற இரண்டு அதிகாரத்தோடு நன்னூல் நின்றுவிடும். அதில் இந்த முப்பிரிவு கிடையாது. இன்று பள்ளித் தமிழிலும் அரசுத் தேர்வுக் கையேடுகளிலும் தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் என்று மூன்று கட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாமோ எச்சங்களால் பேசுகிறவர்கள். 'எழுந்து, குளித்து, இருந்ததைச் சாப்பிட்டு, ஓடிப்போய், புறப்பட்ட பஸ்ஸில் தொற்றி ஏறி வந்தேன்.' முற்று ஒன்றே ஒன்று. கணக்குப்படி இது தனிநிலைத் தொடர். ஆங்கிலத்தில் சொல்லப்போனால் இருந்ததும் புறப்பட்டதும் தனித்தனி கிளாஸாக நிற்கும். அங்கே இதே வாக்கியம் மூன்றாவது பெட்டிக்குப் போய்விடும்.