உறுதி இல்லாத அறையிலிருந்து உறுதி உள்ள வீட்டுக்கு: வீட்டுக் கடன் எடுக்குமுன் பார்க்கவேண்டியவை

கித்துல்கல என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் களனி கங்கையில் படகுச் சவாரி நினைவுக்கு வரும். 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படம் இங்கே எடுக்கப்பட்டது என்பதும் பலருக்குத் தெரியும். அவிசாவளை – ஹட்டன் வீதிக்கு மேலேயும் கீழேயும் தேயிலையிலும் இறப்பரிலும் வேலை செய்யும் குடும்பங்கள் லயன் அறைகளில் இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் குடும்பமும் அவற்றில் ஒன்று. இந்த வருடம் லயத்தை விட்டு ஊர்ப்பக்கம் ஒரு சிறிய வீட்டுக்குப் போகக் கடன் எடுத்திருக்கிறோம். அதற்காக வங்கி, பிரதேச செயலகம், நொத்தாரிசு என்று அலைந்து சேர்த்த விவரங்களை, இதே யோசனையில் இருக்கும் மலையகத்தவருக்கும் வடக்கு கிழக்கு வாசகர்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

வடக்கையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1977இலும் 1981இலும் நடந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. என் பெரிய மாமாவும் அப்படிப் போனவர்தான். அங்கே போர் வீட்டை அழித்தது. இங்கே வீடு என்ற ஒன்று சொந்தமாக இருந்ததே இல்லை. இரண்டு இடத்திலும் வங்கி முதலில் கேட்பது ஒரே கேள்வி: "காணி உறுதி இருக்கிறதா?"

முதலில் காணி யாருடையது?

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. லயன் அறையில் நான்கு தலைமுறை இருந்தாலும் அந்த அறையை ஈடு வைக்க முடியாது.

தோட்டத்துக்குள்ளே கட்டப்பட்ட புதிய வீடுகளிலும் இதைக் கவனிக்கவேண்டும். பல திட்டங்களில் வீட்டுச் செலவின் ஒரு பகுதி கடனாகவே கொடுக்கப்பட்டு, மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தவணை முடிந்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் உண்டு. ஏழு பேர்ச் காணியுடன் வீடு என்பது பின்னர் கொள்கையாக வந்தது. உங்களிடம் இருப்பது குடியிருப்புக் கடிதமா, பதிவு செய்யப்பட்ட உறுதியா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

வன்னியில் பலரிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். இரண்டும் ஒன்றல்ல. அனுமதிப்பத்திரத்தை வங்கிகள் பெரும்பாலும் ஈடாக ஏற்பதில்லை. அளிப்பை, சட்டம் அனுமதிக்கும் வங்கிகளில் மட்டும் ஈடு வைக்கலாம். போரில் தனியார் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் நினைவிருந்தால் தேடுவது சுலபம்.

உறுதி இல்லாதவருக்கு ஒரு வழி

ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப், காணி உறுதி இல்லாமலே வீட்டுக் கடனுக்குப் பிணையாக நிற்கக்கூடியது. கணக்கிலுள்ள மீதியில் 75 வீதம் வரை பிணையாக வைத்து, அங்கீகரிக்கப்பட்ட வங்கிகளில் கடன் பெறலாம். மீதியை உறுதிசெய்யும் சான்றிதழைத் தொழில் திணைக்களம் தரும். அரச ஈட்டு முதலீட்டு வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, மக்கள் வங்கி, இலங்கை வங்கி, எச்.டி.எப்.சி. வங்கி ஆகியவற்றில் இதைப்பற்றிக் கேட்கலாம்.

இன்னொரு வழி, 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி வீட்டுக்காகவோ மருத்துவத்துக்காகவோ மீதியில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுப்பது. அதற்குப் பத்து வருடச் சேவையும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் வேண்டும். கணக்கில் 8 இலட்சம் இருந்தால் கடனாக 6 இலட்சம் வரை, முன்கூட்டிய மீளப்பெறலாக 2 இலட்சத்து 40 ஆயிரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. தவணை கட்டாவிட்டால் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நிலுவை உங்கள் சேமலாப நிதியிலிருந்து கழிக்கப்படும். சத்தமில்லாமல் கழிவதால் பலர் இதைக் கடனாகவே நினைப்பதில்லை. கழியும் பணத்துக்கு நிதியம் தரும் வருட வட்டியும் போய்விடும். 2023க்கு அந்த வட்டி 13 வீதம்.

எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே இதில்தான் வந்தது. அம்மா மலைக்குப் போகத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. "ஏங் காசு சும்மா கெடக்கு, நீங்க என்னத்துக்கு பேங்குக்கு வட்டி கட்டுறீங்க?" என்றார். அவருக்கு 49 வயது. பெண்கள் 50 வயதில் ஈ.பி.எப். பணத்தை எடுக்கலாம். அதன்பின் அவருக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான், ஓய்வூதியம் கிடையாது. நாங்கள் வாங்கும் வீட்டுக்கு உறுதி இருந்ததால், வீட்டையே ஈடு வைத்து, தங்கையின் பெயரிலும் என் பெயரிலும் கடன் எடுத்தோம். அம்மாவின் பணத்தைத் தொடவில்லை. உறுதி இல்லாத இடத்தில் கட்டுபவருக்கு ஈ.பி.எப். மட்டுமே வழியாக இருக்கலாம். உறுதி உள்ள வீட்டை வாங்குபவர், முதியவரின் பணத்தைக் கடைசி வழியாக வைத்திருப்பது நல்லது.

எவ்வளவு தாங்கும்? மழை மாதத்தில் பாருங்கள்

2024 செப்டெம்பரில் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் 25 நாள் வேலைக்கு 33,750 ரூபா. ஈ.பி.எப். 8 வீதம் கழித்தால் கையில் 31,050. மூன்றில் ஒரு பங்கைத் தவணைக்கு ஒதுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அது 10,350 ரூபா. 12 வீத வட்டியில் 15 வருடத்துக்கு இந்தத் தவணை தாங்கும் கடன் ஏறத்தாழ 8 இலட்சத்து 60 ஆயிரம்.

ஆனால் தோட்டத்தில் எல்லா மாதமும் 25 நாள் வேலை இல்லை. கித்துல்கல நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. மழையில் பால்வெட்டு நின்றுவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். 15 பேர் மட்டும் விழுந்த மாதத்தில் வருமானம் 20,250 ரூபா. அந்த மாதமும் வங்கித் தவணை அதே தொகைதான். என்னைப்போல் சுயாதீனமாக எழுதுபவருக்கும், கூலிக்கு மேசன் வேலை செய்பவருக்கும், கடலுக்குப் போகும் மீனவருக்கும் இதே நிலைதான். சராசரி மாதத்தை வைத்து அல்ல, மிகக் குறைந்த மாதத்தை வைத்துக் கடனின் அளவைத் தீர்மானியுங்கள்.

நாங்கள் செய்தது இது: முதலில் நினைத்தது 15 இலட்சம். 12 வீதத்தில் 15 வருடத்துக்கு மாதம் 18,000 ரூபா. கடன் எடுக்குமுன்பே ஜனவரி முதல் ஜூன் வரை அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுப் பார்த்தோம். நான்கு மாதம் முழுதாகப் போட முடிந்தது. மே, ஜூன் மழையில் முடியவில்லை. அதனால் கடனை 12 இலட்சமாகக் குறைத்தோம். தவணை 14,400 ரூபா ஆனது. குறைந்த 3 இலட்சத்துக்குப் பதிலாக, பின்னறைக்குச் சாந்து பூசாமலும் மேற்கூரைக்குச் சீலிங் அடிக்காமலும் குடிபோகிறோம். ஆறு மாதத்தில் சேர்ந்த பணம் பதிவுச் செலவுக்கு உதவியது.

கடன் காலத்தையும் பாருங்கள். அதே 12 இலட்சத்தைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதம் 17,200 ரூபா, மொத்தம் 20 இலட்சத்து 66 ஆயிரம். 15 வருடத்தில் மொத்தம் 25 இலட்சத்து 92 ஆயிரம். வசதியான மாதத்தில் கூடுதலாகக் கட்ட அனுமதி உண்டா, அதற்குத் தண்டப்பணம் உண்டா என்று கையொப்பமிடுமுன் கேளுங்கள்.

வட்டி நிலையானதா, மாறுவதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை சில மாதங்களில் எகிறியது. மேலே சொன்ன 12 இலட்சத்துக்கு வட்டி 18 வீதமானால் தவணை 14,400இலிருந்து 19,300 ஆகும்.

சிக்கனம் எங்கே உதவும்?

ஏற்கெனவே ரொட்டியும் சம்பலுமாக இருப்பவரிடம் செலவைக் குறை என்று சொல்வதில் அர்த்தமில்லை. குறைக்கக்கூடியது வட்டி. தீபாவளி முற்பணம், அடகிலுள்ள நகை, வாரத் தவணை நுண்கடன், கடைக்கணக்கு ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு முன்னர் இவற்றில் வட்டி கூடியதை முதலில் முடியுங்கள். நுண்கடன் வடக்கு கிழக்கில் எவ்வளவு குடும்பங்களை, முக்கியமாகப் பெண்களை, நெருக்கியது என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கமே ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. வீட்டுத் தவணை கட்ட வாரக் கடன் எடுக்கும் நாள் வந்தால், வீட்டுக் கடன் தாங்காத அளவில் இருக்கிறது என்று பொருள்.

இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுக்கப்பட்டது. பொருள் விலை ஏறியதால் வீட்டை முடிக்கக் கடன்பட்ட குடும்பங்கள் பல. என் மாமா இரண்டு அறையை மட்டும் முடித்துக்கொண்டு முன் விறாந்தையை வருடக்கணக்கில் அப்படியே விட்டார். ஊரில் பேசினார்கள். அவருக்குக் கடன் இல்லை.

இடம் மாறும்போது புதிதாக வரும் செலவுகளையும் சேருங்கள். லயத்தில் வாடகை இல்லை. விறகு தோட்டத்தில் கிடைக்கும், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விடலாம், பின்னால் மரக்கறிப் பாத்தி இருக்கும். ஊர் வீட்டில் காஸ், பஸ் காசு, தண்ணீர், மின் இணைப்பு எல்லாம் பணம். வெளியேறினால் லயன் அறை யாருக்குப் போகும் என்பதையும் தோட்ட நிர்வாகத்திடம் முன்பே கேட்டு அறியுங்கள்.

வாங்கும் நாளின் செலவு தனி. சொத்துக் கைமாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 25 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு இது மட்டும் 99,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், ஈட்டுமுறிச் செலவு அதற்கு மேல்.

மலை நகரும் இடமா?

2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் லயன் குடியிருப்பு மண்ணில் புதைந்தது. இரண்டும் எங்கள் கேகாலை மாவட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் அதே பயத்தை மறுபடி கொண்டுவந்தது. இந்த மாவட்டத்தில் கட்டுவதற்குப் பிரதேச சபை அனுமதியோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்துப் பரிந்துரையும் தேவை. கட்டிய வீட்டை வாங்கினாலும் அது இருக்கிறதா என்று கேளுங்கள். விலை மலிவாக இருப்பதற்கு அந்தச் சரிவே காரணமாக இருக்கலாம். வீடு போனாலும் கடன் போகாது.

கட்ட முடியாமல் போனால்

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் பராட்டே அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அசல் கடன் 50 இலட்சத்துக்குக் குறைந்தால் அதைப் பயன்படுத்த முடியாது. வங்கி வழக்குப் போடவேண்டும். சிறு கடனாளிக்கு இது கால அவகாசம் மட்டுமே, விடுதலை அல்ல. ஒரு தவணை தவறுமுன்பே வங்கிக்குப் போய் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். வங்கியோடு பிரச்சினை தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கையொப்பமிடுமுன் கையில் இருக்கவேண்டியவை

– உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதி. வில்லங்கம் இல்லை என்று உங்கள் நொத்தாரிசு பார்த்திருக்கவேண்டும்.
– கடன் தகவல் பணியகத்தின் உங்கள் அறிக்கை. யாருக்காவது பிணை நின்றிருந்தால் அதுவும் அதில் தெரியும்.
– பிரதேச சபை அனுமதியும் மண்சரிவு பற்றிய பரிந்துரையும்.
– ஈ.பி.எப். மீதிக் கூற்று. பயன்படுத்தாவிட்டாலும் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.
– தவணை அட்டவணை. வட்டி எப்போது, எப்படி மாறும் என்ற வரியைப் புரியும் மொழியில் விளக்கக் கேளுங்கள். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், வாசித்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப்போங்கள்.
– குறைந்தது மூன்று தவணைக்கான பணம், தொடாத கணக்கில். அடுத்த மழை மாதத்துக்கு அது வேண்டும்.