கருங்குடுவை பிறந்த கதை

பெரு நாட்டின் வடகடற்கரையில், இன்றைய துருஹியோ நகரை ஒட்டிக் கிடக்கிறது சான் சான். சுடாத மண்கற்களால் எழுப்பிய இந்தப் பழைய நகரத்தின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர். கி.பி. 900 வாக்கில் தலையெடுத்த சிமு மக்களின் தலைநகரம் இதுதான். மண்ணால் ஊரையே கட்டியவர்கள், அதே மண்ணில் குரங்கையும் மீனையும் கடற்பறவையையும் குடுவைகளாக வடித்தார்கள்.

இதற்கு வித்திட்டவர்கள் மோச்சே மக்கள். சிமுக்களுக்கு முன்பு அதே பகுதியில் வாழ்ந்த அவர்கள், மனித முகங்களை அச்சு அசலாகக் குடுவையில் கொண்டுவந்தவர்கள். குடுவையின் தோளிலிருந்து இரண்டு குழல்கள் வளைந்தெழுந்து ஒரே வாயாகச் சேரும் அமைப்பும் அவர்கள் விட்டுச்சென்ற சொத்து. சிமு குயவர்கள் அந்தக் குழல்கள் சேரும் இடத்தில் ஒரு குட்டிக் குரங்கையோ பறவையையோ உட்கார வைத்தார்கள். அது அவர்களின் முத்திரையாயிற்று.

குயவர் சக்கரம் அங்கே கிடையாது. முதலில் மாதிரி உருவம் ஒன்றைச் செய்து, அதன்மேல் களிமண்ணை அப்பி, இரண்டு பாதிகளாகப் பிரித்தெடுத்துச் சுட்டால் அச்சு தயார். அச்சின் ஒவ்வொரு பாதியிலும் ஈரக் களிமண்ணை அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, குழலைப் பொருத்தி, மேற்பரப்பை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள்.

மோச்சே குடுவைகளில் செம்மையும் வெண்மையும் மிகுதி. சிமு குடுவைகளில் பெரும்பாலானவை கறுப்பு. அது பூசிய கறுப்பு அல்ல. சுடும்போது காற்று புகாமல் நெருப்பை மூடிவிடுவார்கள். உயிர்வளி கிடைக்காத தீயில் மண்ணிலுள்ள இரும்பு கருக்கும், புகைக்கரியும் ஏறும். முன்பே தேய்த்த மெருகு அதில் உலோகம்போல் மின்னும்.

சில குடுவைகள் பாடவும் செய்யும். இரண்டு அறைகளை ஒரு குழாய் இணைக்கும். நீர் ஊற்றிச் சாய்த்தால், அறை மாறும் நீர் காற்றைத் தள்ளும். உருவத்துக்குள் இருக்கும் ஊதல் ஒலிக்கும்.

1470 வாக்கில் இன்காக்கள் சிமு அரசை வென்றார்கள். கறுப்புக் குடுவைக்கு அதனால் அழிவு வரவில்லை; இன்கா வடிவங்களையும் அதே கறுப்பில் வனைந்தார்கள் அந்தக் குயவர்கள்.

அச்சில் பிறந்தவை என்பதால் இவற்றை மோச்சே கலைக்கு ஒருபடி கீழே வைப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அச்சு உருவத்தைத்தான் தந்தது; மெருகையும் கறுப்பையும் குயவரின் கையும் தீயைப் பற்றிய அவர் அறிவும் தந்தன.