பரமேஸ்வராச் சந்தி

பலாலி வீதியில் "பரமேஸ்வரா" என்று பஸ்ஸை மறித்து இறங்குவோரில் எத்தனை பேருக்கு அது ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரென்று தெரியும்? சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. பல்கலைக்கழகம் வந்ததைக் கொண்டாடினோம். ஒரு பள்ளிக்கூடம் போனதை அதிகம் பேசவில்லை. நூறாண்டு காணும் எங்களுக்காவது அது உறைக்க வேண்டும்.

அதன்பின் ஊரே மாறிற்று. சிவப்புமண் தோட்டங்களுக்கும் மரக்கறிச் சந்தைக்கும் பேர்போன இடத்தில் வீட்டு முன்னறைகள் மாணவர் அறைகளாயின. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. அதன் உடற்கூற்றியல் துறைத் தலைவர் டொக்டர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாங்கள் படிக்கப் போன காலத்திலும் அந்த வீதியில் சீனியர் அக்காமார் குரலைத் தாழ்த்தித்தான் அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1995 இடப்பெயர்வில் சந்தியே வெறிச்சோடியது.

இன்று தேநீர்க்கடைகளில் சிங்களமும் கேட்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பரமேஸ்வராவில் படித்த அப்பாமார், அம்மப்பாமாரின் வகுப்புப் படங்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உங்கள் அலுமாரியில் கிடந்தால், பின்புறம் பெயர்களை எழுதி வையுங்கள்.