கோலான் குன்றுகள்: ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஐ.நா. அமைதிப்படை

ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதக் கடைசியிலும் டிசம்பர் மாதக் கடைசியிலும் செய்திகளில் ஒரு வரி வந்து போகும்: "கோலான் பகுதியில் ஐ.நா. படையின் பணிக்காலம் மேலும் ஆறு மாதங்களுக்கு நீட்டிப்பு." 50 ஆண்டுகளைக் கடந்தும் இந்தச் செய்தி நின்றபாடில்லை. இந்தப் படை எதற்காக வந்தது, ஏன் ஆறு மாதக் கணக்கு, நீட்டிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஜவ்லான் எங்கே இருக்கிறது?

அரபியில் ஜவ்லான் எனப்படும் கோலான், சிரியாவின் தென்மேற்கு மூலையில் உள்ள மேட்டு நிலம். வடக்கே ஜபல் அஷ்ஷைக் என்னும் ஹெர்மோன் மலை, மேற்கே தபரிய்யா ஏரி, தெற்கே யர்மூக் நதி. ஹிஜ்ரி 15ல் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் ரோமப் படையை வென்ற யர்மூக் போர் நடந்தது இந்த நதிக்கரையை ஒட்டித்தான். இங்கிருந்து டமாஸ்கஸ் சுமார் 60 கிலோமீட்டர். ஜோர்தான் நதிக்கு நீர் தரும் ஊற்றுகளில் ஒன்றான பானியாஸும் இங்கேதான் இருக்கிறது. உயரமும் நீரும் சேர்ந்த இடம் என்பதால் இராணுவக் கண்ணோட்டத்தில் இதன் மதிப்பு மிக அதிகம்.

ஆக்கிரமிப்பும் உடன்படிக்கையும்

1967 ஜூன் போரில் இஸ்ரேல் கோலானின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட சிரியர்கள் ஊர்களை இழந்தார்கள். 1973 அக்டோபரில் சிரியா நிலத்தை மீட்கப் போர் தொடுத்தது. தொடக்கத்தில் முன்னேறினாலும், பிறகு இஸ்ரேல் படை இன்னும் உள்ளே நுழைந்தது.

1974 மே 31 அன்று ஜெனீவாவில் இரு தரப்பும் படைவிலக்கல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அன்றே பாதுகாப்பு கவுன்சில் 350ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, அன்டாஃப் எனப்படும் கண்காணிப்புப் படையை உருவாக்கியது. 1973ல் புதிதாகப் பிடித்த நிலத்திலிருந்து இஸ்ரேல் விலகியது. குனைத்ரா நகரமும் சிரியாவிடம் திரும்பியது, ஆனால் இடிபாடுகளாக. அந்த அழிவுக்காக இஸ்ரேலை ஐ.நா. பொதுச்சபை கண்டித்தது.

1981ல் இஸ்ரேல் தன் சட்டத்தைக் கோலானுக்கு நீட்டித்தது. அது செல்லாது என்று பாதுகாப்பு கவுன்சிலின் 497ஆம் தீர்மானம் அறிவித்தது. 2019ல் அமெரிக்கா மட்டும் இஸ்ரேலின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஐ.நா.வின் பார்வையில் அது இன்றும் ஆக்கிரமிக்கப்பட்ட சிரிய நிலமே.

படை என்ன செய்கிறது?

ஆல்ஃபா, பிராவோ என இரண்டு கோடுகள். மேற்குக் கோட்டைத் தாண்டி இஸ்ரேல் படை வரக்கூடாது; கிழக்குக் கோட்டைத் தாண்டி சிரியப் படை வரக்கூடாது. இடையே சுமார் 75 கிலோமீட்டர் நீளமுள்ள இடைவெளி நிலம். நடுவில் 10 கிலோமீட்டர் வரை அகலமானது, தெற்கு முனையில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இக்கோடுகளுக்கு அப்பால் இருபுறமும் முதல் 10 கிலோமீட்டரில் 6,000 வீரர்கள், 75 டாங்கிகளுக்கு மேல் நிறுத்தக்கூடாது என்றும் உடன்படிக்கை வரம்பு வைத்தது.

இவற்றைக் கண்காணித்து, மீறல் நடந்தால் பதிவு செய்து அறிக்கை அனுப்புவதே ஐ.நா. படையின் வேலை. எந்தத் தரப்பையும் சண்டையிட்டு வெளியேற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. கனடா விலகிய பிறகு, 2006 முதல் இந்திய இராணுவத்தினர் இங்கு போக்குவரத்து, பொருள் வழங்கல் பொறுப்பைச் சுமந்து வருகிறார்கள். 2014 ஆகஸ்டில் சிரிய உள்நாட்டுப் போரின்போது ஃபிஜி நாட்டு வீரர்கள் 45 பேரை ஆயுதக் குழு சிறைபிடித்து, இரு வாரங்களுக்குப் பின் விடுவித்தது. அப்போது படைத்தளபதியாக இருந்தவர் இந்தியரான இக்பால் சிங் சிங்கா.

ஏன் ஆறு மாதம்?

நிரந்தரத் தீர்வு விரைவில் வரும், அதுவரை இந்தப் படை போதும் என்பதே 1974ன் எண்ணம். அதனால் தொடக்கத்திலேயே ஆறு மாதம் என எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் பொதுச்செயலாளர் அறிக்கை தருவார். 15 உறுப்பினர்களில் 9 பேர் ஆதரிக்க வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்றும் வீட்டோ செய்யக்கூடாது. வேறு எதிலும் ஒத்துப்போகாத அமெரிக்காவும் ரஷ்யாவும் இந்தத் தீர்மான வரைவை மட்டும் சேர்ந்தே கொண்டுவருவது வழக்கம்.

நீட்டிக்காவிட்டால் என்ன ஆகும்? 1967 மே மாதம் எகிப்து கேட்டுக்கொண்டதால் சினாய் எல்லையிலிருந்து ஐ.நா. படை வெளியேறியது. ஜூன் 5ல் போர் வெடித்தது. கோலானையே பறிகொடுத்த போர் அது. லெபனான் எல்லையில் 1978 முதல் இருக்கும் யுனிஃபில் படைக்கோ, 2026 டிசம்பர் 31 வரை மட்டும் என்று கடைசி நீட்டிப்பை 2025 ஆகஸ்டில் கவுன்சில் கொடுத்துவிட்டது.

2024 டிசம்பருக்குப் பின்

2024 டிசம்பர் 8 அன்று அசத் ஆட்சி வீழ்ந்தது. அதே நாளில் உடன்படிக்கை காலாவதியாகிவிட்டது என்று சொல்லி, இஸ்ரேல் படை இடைவெளி நிலத்திற்குள் நுழைந்தது. ஹெர்மோனின் சிரியப் பகுதியையும் பிடித்தது. உடன்படிக்கை இன்னும் உயிருடன் இருக்கிறது, இது அதன் மீறல் என்பதே ஐ.நா.வின் நிலை. அந்த மாதமும் 2025 ஜூனிலும் கவுன்சில் பணிக்காலத்தை நீட்டித்தது.

இங்கேதான் புதுப்பித்தலின் உண்மையான பொருள் இருக்கிறது. ஒரு தரப்பு கையெழுத்தைக் கைவிட்டாலும், 1974ன் கோடுகள் உலகின் ஏட்டில் அழியாமல் நிற்க இந்தத் தீர்மானம் உதவுகிறது. அதேசமயம், அந்தக் கோட்டை மீறியவரைப் பின்வாங்க வைக்கும் வலிமை அதற்கு இல்லை.

கோட்டின் இருபுறமும் மனிதர்கள்

ஆக்கிரமிப்புப் பகுதியில் மஜ்தல் ஷம்ஸ், மஸ்அதா, புகாஸா, ஐன் கினியா ஆகிய துரூஸ் ஊர்கள் மிஞ்சியுள்ளன. 1981க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலியக் குடியுரிமையை ஏற்க மறுத்தார்கள். மஜ்தல் ஷம்ஸ் பள்ளத்தாக்கின் இருபுறமும் நின்று ஒலிபெருக்கியில் உறவினரோடு பேசிக்கொண்டார்கள். குனைத்ரா வழியே மணமுடித்துப் போன பெண்கள் பலர் பிறந்த வீட்டுக்குத் திரும்பவே முடியவில்லை.

உடன்படிக்கையை நிறைவேற்றுவதை ஈமானோடு இணைத்துச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. குறைஷிகளுடன் செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையை, அவர்கள் தரப்பு முறிக்கும்வரை நபி (ஸல்) அவர்கள் காத்தார்கள். அடுத்த முறை "ஆறு மாதம் நீட்டிப்பு" என்ற செய்தி வரும்போது, அதன் பின்னால் ஊர் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்கள் இருப்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். அவர்களுக்காக துஆச் செய்வோம்.