காஞ்சிபுரம் பட்டுச்சேலை: குறையுள்ள சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை

காஞ்சிபுரத்தில் வாங்கிய பட்டுச்சேலை, கடைக்காரர் சொன்ன தரத்தில் இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இந்த உரிமையைத் தருவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எடுக்கும் முகூர்த்தப் பட்டுக்கும், உதிரிபாகக் கடையில் வாங்கும் பிரேக் பேடுக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்பது வண்டியை எடுத்த அன்றே தெரிந்துவிடும்; சேலையின் குறை அப்படித் தெரிவதில்லை. தாமிரத்தில் செய்த போலிச் சரிகை பல வருஷம் பீரோவுக்குள் அசல்போலவே இருந்துவிடும். அதனால் பட்டு விஷயத்தில் இந்த உரிமைக்கு உயிர் கொடுப்பது விற்றபோது எழுதிக் கொடுத்த பில்தான்.

ஏமாற்று நடக்கும் இடங்கள் மூன்று: பட்டு நூல், சரிகை, தறி. பட்டில் செயற்கை இழையைக் கலப்பதுண்டு. விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று விற்பதுண்டு. எந்தெந்த ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இவை இரண்டையும் விடக் கண்டுபிடிக்கச் சிரமமானது சரிகை. அசல் சரிகையின் நடுவில் சாயம் தோய்த்த பட்டு நூல் இருக்கும், பெரும்பாலும் சிவப்பில். தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியை அதன்மேல் சுற்றி, தங்க முலாம் பூசுவார்கள். தங்கம் ஒரு சதவீதம்கூட இருக்காது. எடையில் அதிகம் இருப்பது வெள்ளிதான். போலியில் வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் தாமிரம் இருக்கும். இன்னும் மலிவானதில் உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் இழை. முந்தி ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை உரைகல்லில் தேய்த்தால் அசலில் வெள்ளியின் வெண்மை தெரியும், போலியில் தாமிரச் சிவப்பு தெரியும். சிவப்பைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம்: உள்ளே இருக்கும் நூலின் சிவப்பு வேறு, உலோகத்தின் சிவப்பு வேறு. தமிழக அரசு 1971இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய தமிழ்நாடு சரிகை நிறுவனம், தரமான சரிகை நெசவாளர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது.

சேலையில் தொங்கும் முத்திரைகளைப் பலர் ஒன்றுபோல நம்புகிறார்கள். இது பெரிய ஆபத்து. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க், நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கைத்தறியில் நெய்தது என்பதற்கு அடையாளம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு, ஊரையும் நெசவு மரபையும் குறிக்கிறது. சில்க் மார்க் தொங்குகிறதே என்று சரிகைக்கும் சேர்த்து விலை கொடுப்பவர், முத்திரை சொல்லாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார்.

சட்டம் ‘குறை’ என்று சொல்வது, சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் மட்டும் உள்ள பிசகை அல்ல. விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் அந்தத் தரமும் தூய்மையும் சரக்கில் இல்லாவிட்டால் அது குறைதான். ஆனால் வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். ‘பட்டுச்சேலை 1’ என்று மட்டும் எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு வரக்கூடாது. ‘அசல் பட்டு, அசல் வெள்ளிச் சரிகை, கைத்தறி’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதத் தயங்கும் கடையில் அந்த விலைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. பில் கொடுக்காமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. பில் இல்லையென்றால் விலை குறையும் என்ற பேரத்துக்கு இணங்குபவர், குறைந்த தொகையோடு தன் சாட்சியையும் விட்டுக்கொடுக்கிறார். கோயில் வாசலிலிருந்து கடைக்கு அழைத்துப் போகும் புரோக்கரின் வாக்குறுதியும் பில்லில் ஏறாதவரை பயனில்லை.

‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருந்தாலும் குறையுள்ள சரக்கைப் பொறுத்தவரை அது செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். ஆன்லைனில் விற்பவர்களையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இதேபோல் கட்டுப்படுத்துகின்றன. விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான சரக்கையும் அவர்கள் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நிறம் பிடிக்கவில்லை, சம்பந்திக்குப் பார்டர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. அப்போது மாற்றிக் கொடுப்பது கடைக்காரரின் நல்ல மனசு.

கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்கு அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. திருநெல்வேலியிலிருந்து வந்து சேலை எடுத்தவர் இதற்காக மறுபடி காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சோதனை தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை எடுத்து, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தபின் நூலைப் பிரித்து எரித்துப் பார்ப்பது, ஃபால்ஸ் தைப்பது, துவைப்பது எதுவும் கூடாது. பிறகு கடைக்காரர் பழியைத் திருப்பிவிட இடம் கிடைக்கும்.

சட்டம் சேலைக்குப் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் காலக்கெடு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. என்றாலும் சரிகை போலி என்பது பெரும்பாலும் பழைய பட்டை வாங்குபவரிடம் எடைக்குப் போடும்போதுதான் வெளிப்படுகிறது. அதற்குள் கல்யாணப் பெண்ணின் பிள்ளைகளே கல்யாண வயதுக்கு வந்திருப்பார்கள். பில்லும் இருக்காது, சில சமயம் கடையும் இருக்காது.

இந்த உரிமை யாருக்கு என்பதிலும் ஒரு வரம்பு உண்டு: மறுவிற்பனைக்காகச் சேலை எடுப்பவர் நுகர்வோர் அல்லர். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லட்சுமி என்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விளக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், அந்த ஆட்டோவுக்குப் பழுதான பாகம் கிடைத்து ஏமாறுபவரும் இதில் அடங்குவார்கள். சொந்தக் காசில் சரிகை வாங்கித் தன் தறியில் தானே நெய்யும் காஞ்சிபுரம் நெசவாளரும் அப்படியே. மட்டச் சரிகையை அவர் தலையில் கட்டினால் அவரும் ஆணையத்துக்குப் போகலாம். மாஸ்டர் வீவர் கொடுக்கும் பாவு நூலையும் சரிகையையும் கூலிக்கு நெய்பவரின் நிலைமை வேறு. அவர் எதையும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை. சரிகை போலி என்று முடிவானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது சேலையை விற்ற கடை. கொடுத்த சரிகையைக் கோர்த்து நெய்தவர்மேல் அந்தப் பழியைப் போடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.