வாழ்வதற்கான காரணங்கள் வினாநிரல்

தற்கொலை எண்ணம் உள்ள ஒருவரை எது உயிரோடு பிடித்து வைத்திருக்கிறது என்பதை அளந்தறிய உருவான உளவியல் அளவுகோல் இது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மார்ஷா லினஹானும் அவருடைய சகாக்களும் 1983இல் இதை வெளியிட்டார்கள். இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையைப் பின்னாளில் வகுத்தவரும் லினஹானே. இளமையில் தாமே தற்கொலை எண்ணத்தோடு போராடி மருத்துவமனையில் இருந்ததை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார்.

அதுவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒருவர் ஏன் சாக விரும்புகிறார் என்றுதான் கேட்டுவந்தார்கள். லினஹான் கேட்டது வேறு: அந்த எண்ணம் வந்த பிறகும் பெரும்பாலானோர் ஏன் அதைச் செய்வதில்லை? பலரிடம் காரணங்களைக் கேட்டுத் திரட்டி, சலித்து, 48 கூற்றுகளாக்கினார்கள். ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்று பதில் சொல்பவர் 1 முதல் 6 வரை மதிப்பெண் இடுவார். கூற்றுகள் ஆறு பிரிவுகளில் அடங்கும்: சமாளித்து வாழ முடியும் என்ற நம்பிக்கை, குடும்பத்துக்கான பொறுப்பு, பிள்ளைகளைப் பற்றிய அக்கறை, தற்கொலை குறித்த அச்சம், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம், அறம் அல்லது சமயம் சார்ந்த மறுப்பு. முதல் பிரிவில் மட்டும் 24 கூற்றுகள், மொத்தத்தில் சரிபாதி. பதின்வயதினர், கல்லூரி மாணவர், முதியோர் ஆகியோருக்குத் தனி வடிவங்கள் பின்னர் வந்தன.

சியாட்டிலில் பொதுமக்களிடமும் மனநல உள்நோயாளிகளிடமும் இதைக் கொடுத்துப் பார்த்தபோது, தற்கொலை நாட்டம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் நன்கு பிரித்துக்காட்டியவை முதல் மூன்று பிரிவுகள். 2000ஆம் ஆண்டில் மலோன் என்ற ஆய்வாளரின் குழுவினர் தீவிர மனச்சோர்வு கொண்ட 84 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 45 பேர் முன்பு தற்கொலைக்கு முயன்றவர்கள், 39 பேர் முயலாதவர்கள். மருத்துவர் கணித்த நோயின் கடுமையிலும் அண்மைக்கால வாழ்க்கை நிகழ்வுகளின் எண்ணிக்கையிலும் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. நம்பிக்கையின்மை முயன்றவர்களிடம் மிகுதி. வாழ்வதற்கான காரணங்களோ முயலாதவர்களிடம் மிகுதி. ஒரே நோய், மருத்துவர் பார்வையில் ஏறத்தாழ ஒரே கடுமை. ஆனால் ஒருவரைத் தடுத்து நிறுத்திய பிடிப்பு இன்னொருவரிடம் தளர்ந்திருக்கிறது. இந்தத் துறையில் என்றும் நினைவில் வைக்கவேண்டிய கண்டுபிடிப்பு இது.

தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் சாகும் ஆசையும் வாழும் ஆசையும் சேர்ந்தே இருக்கும். மரியா கோவாக்ஸும் ஏரன் பெக்கும் 1977இல் இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். டேவிட் ஜோப்ஸ் வகுத்த சிகிச்சை முறையில் நோயாளியே தம் கைப்பட வாழ்வதற்கான காரணங்களையும் சாவதற்கான காரணங்களையும் எழுதி வரிசைப்படுத்துகிறார். ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் வெறுமையாக இருந்தால், சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வினாநிரல் கையில் இல்லாவிட்டாலும் கேள்வியை நேராகவே கேட்கலாம்: "இவ்வளவு கஷ்டத்துலயும் இதுவரைக்கும் உங்களத் தாங்கிப் பிடிச்சிருக்கிறது எதுன்னு நினைக்கிறீங்க?" பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் ஆதாரமற்றது. கேட்பவர் தாமே காரணங்களை அடுக்குவதுதான் தவறு. "பிள்ளைகளை நினைச்சுப் பாரும்மா" என்ற வார்த்தை அக்கறையில் பிறந்தாலும், ஏற்கெனவே குற்றவுணர்வில் நொந்திருப்பவரின் வாயை அது அடைத்துவிடும்.

குடும்பம் என்ற காரணத்தை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். மனச்சோர்வு முற்றும்போது, 'நான் வீட்டுக்குப் பாரம், நான் இல்லாவிட்டால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்' என்ற பொய்யான முடிவுக்கு மனம் வரக்கூடும். உளவியலாளர் தாமஸ் ஜாய்னரின் கோட்பாடு இந்த உணர்வைத் தற்கொலை விருப்பத்தின் வேர்களில் ஒன்றாகக் காண்கிறது. அப்போது, காப்பாற்றிவந்த குடும்பப் பாசமே எதிர்த்திசையில் இழுக்கும். ஆகவே "குடும்பம்" என்று ஒருவர் சொன்னதும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது. குடும்பத்தாருக்குத் தாம் யார் என்று அவர் நினைக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். ஊர்ப்பேச்சுக்கான பயமும் இரு பக்கமும் வெட்டும்: செயலைத் தடுக்கும் அதே பயம் உதவி கேட்கவும் விடாது.

எந்த மதிப்பெண்ணும் ஒருவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தற்கொலையை முன்கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நிறையக் காரணங்கள் சொன்னார் என்பதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவைப்பது ஆபத்தானது. பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவரும் ஓர் இரவின் நெருக்கடியில் அதை உணர முடியாத நிலைக்குப் போகலாம். இந்த மதிப்பீட்டின் பயன் சிகிச்சையில்தான் இருக்கிறது. பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் அதற்கு நல்ல துணை: நெருக்கடியின் அறிகுறிகள், மனத்தைத் திருப்பும் வழிகள், அழைக்க வேண்டியவர்கள், ஆபத்தானவற்றை எட்டாமல் வைத்தல் ஆகியவற்றை நோயாளியும் சிகிச்சையாளரும் சேர்ந்து எழுதிவைக்கிறார்கள். வாழ்வதற்கென்று நோயாளி சொன்ன காரணத்தையும் அதில் அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் அத்தகைய எண்ணம் இருந்தால், இப்போதே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல உதவியை 1926 என்ற எண்ணிலும் எந்நேரமும் அழைக்கலாம்.